உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்தவர் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் வரும் நேரத்தில் ஒரு சிறு புத்தகத்தையும் கையில் தருவார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. பளபளப்பான அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கனடாவில், மொன்றியல் நகரத்தில் இவற்றை எழுதிக் கொடுப்பவன் நான். பட்டதாரி, ஓய்வுபெற்றவன், யாப்பு தெரிந்தவன், வேறு வேலை இல்லாதவன் என்ற தகுதிகள் எல்லாம் ஒரே ஆளிடம் அமைவது அரிது.

என் கல்வெட்டுகளில் இதுவரை ஒரு கெட்டவரும் இறந்ததில்லை. எல்லோரும் விருந்தோம்பினார்கள். எல்லோரும் பிள்ளைகளைக் கல்வியில் உயர்த்தினார்கள். நோயைப் புன்சிரிப்போடு தாங்கினார்கள். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில் தொடங்கி, இங்கே நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் முடித்தவன் நான். எழுதப்பட்டதற்கும் இருப்பதற்கும் உள்ள தூரம் எனக்குப் புதிதல்ல.

சென்ற கோடையில் மச்சான் ஒரு கல்வெட்டுக் கேட்டான். அவன் பள்ளியில் என் வகுப்பு. பிறகுதான் என் மனைவியின் தமையன். அதனால் இங்கே 'அவன்' என்றே எழுதுகிறேன். மரியாதை எல்லாம் கல்வெட்டுக்குரியது.

"ஒரு கல்வெட்டு எழுதவேணும் மச்சான்."

"ஆர் செத்தது?"

"இன்னும் சாகேல்லை. கிளப்புக்கு."

கிளப் என்றால் அவனுடைய கிளப். இங்கிலாந்தின் வடக்கே, ஆலைகள் மூடப்பட்ட ஒரு சிறு பட்டணத்தின் உதைபந்தாட்டக் கழகம். இளவயதில் நெசவுப் பொறியியல் படிக்கப் போனவன், மைதானத்துக்குப் பின் தெருவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். சனிக்கிழமை பிற்பகல்களில் அறைக்குள் குளிர். வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் கத்தும் சத்தம். சத்தம் கேட்ட பக்கம் போனான், அவ்வளவுதான். படிப்பு முடியவில்லை, விசா முடிந்தது, மொன்றியலுக்கு வந்து டவுன்டவுனில் உணவகச் சமையலறைகளில் உழைத்தான், மணமுடித்தான், மகளை வளர்த்தான், மனைவியை இழந்தான். கழகத்தை மட்டும் விடவில்லை. அங்கே பிற்பகல் மூன்று மணிக்குப் பந்து உருண்டால் இங்கே காலை பத்து மணி. பார்க் எக்ஸ் பகுதியில் அவனுடைய மூன்றாம் மாடி வீட்டில் அந்த நேரத்தில் தேநீர் கூட ஊற்ற மாட்டான். முதலில் சிற்றலை வானொலி, பிறகு கணினி, கடைசியில் மகள் வாங்கித் தந்த ஒரு சிறு ஒலிபெருக்கி. நான் அநேக சனிக்கிழமைகளில் அங்கே இருந்திருக்கிறேன். எனக்கு அந்த விளையாட்டில் ஆர்வமில்லை. ஒரு மனிதன் தோல்வியைத் தவணை முறையில் வாங்குவதைப் பார்ப்பதில் ஒரு சுவாரசியம் இருந்தது.

இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் அவன் கிடக்க வேண்டி வந்தபோது, வைத்தியசாலை செவ்வாய், வியாழன், சனி என்று நாள் குறித்தது. "சனியோ? அப்ப நான் இப்பவே சாகிறன்" என்றான். யாருக்கு எழுத வேண்டும், யாருக்குப் பிரதி போட வேண்டும், எந்தச் சொல்லைப் பிரெஞ்சில் இட்டால் ஒரு நிர்வாகி பயப்படுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். திங்கள், புதன், வெள்ளி ஆயிற்று. என் நடைமுறை அறிவால் ஒருவருக்குக் கிடைத்த நன்மை என்று நான் நம்பிக்கையோடு சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் கழகம் சாகக் கிடந்தது. மைதானத்தை ஒருவன் விற்றான், மிச்சத்தை இன்னொருவன் தேநீர் விலைக்கு வாங்கினான், வரி கட்டவில்லை, ஆட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை. லீக் கழகத்தை விலக்கியது. லண்டன் நீதிமன்றத்தில் கழகத்தைக் கலைக்கும் வழக்கு. நீதிபதி தள்ளிவைப்பார், புதிதாக ஒரு முதலீட்டாளர் வருவார், அவர் மறைவார், நீதிபதி மறுபடி தள்ளிவைப்பார்.

"சாகாததுக்குக் கல்வெட்டு எழுதேலாது" என்றேன். "முறை இல்லை."

"முறை தெரிஞ்ச ஆளெண்டுதானே உன்னட்டைக் கேக்கிறன். குறிப்பு எடுத்து வை."

என் மனைவிக்குச் சொன்னபோது கீரையை ஆய்ந்தபடியே, "அண்ணைக்கு விசர். உங்களுக்கு அதைவிட விசர். உயிரோடை இருக்கிறதுக்கு ஆராவது உது எழுதுவினமோ?" என்றாள். பிறகு கை நின்றது. "அவர் தன்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

அவன் சொல்லியிருந்தான், ஆனால் எங்களுக்கு அல்ல. அவனுடைய மகள் டோர்வலில் விமான உணவு தயாரிக்கும் இடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். இடைவேளையில் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, கிளப்பின்ரை கேஸ் முடியுமட்டும் மெஷினுக்குப் போவாராம். பேந்து போகமாட்டாராம்."

"கோவத்திலை சொல்லியிருப்பான்."

"இல்லை மாமா. டொக்டருக்கே சொல்லிப்போட்டார். அந்த மனுசி பிரெஞ்சிலை டக்கோர், சரி எண்டு சொல்லுறா. டக்கோராம்! என்ன மாமா, கோப்பி வேணுமோ எண்டா கேட்டவ?"

நான் சட்டத்தைப் படித்தேன். இந்த மாகாணத்தில் சுயபுத்தியுள்ள நோயாளி சிகிச்சையை மறுக்கலாம். ஓட்டை தேடினேன், நன்றாக எழுதப்பட்ட சட்டம், ஓட்டை இல்லை. மனநிலையை ஆராய ஓர் உளவியலாளரை அனுப்பினார்கள். உங்களுக்கு மகிழ்ச்சி தருவது எது என்று அவர் கேட்டாராம். இவன், "சனிக்கிழமை" என்றானாம். சித்தம் தெளிவாக உள்ளது என்று முடிவாயிற்று.

ஆக, லண்டனில் ஒரு நீதிபதி வழக்கைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும் பார்க் எக்ஸில் ஒருவனுக்கு இரண்டு வாரம் கிடைத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு நீதிமன்றம் தாமதிக்க வேண்டும் என்று பிரார்த்தித்தேன்.

குறிப்பு எடுப்பதற்காக இயந்திரத்தின் பக்கத்தில் போய் உட்காருவேன். கையிலிருந்து இரண்டு குழாய்கள் போகும், அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போவான். அவனுக்குத் தன் மகளின் பிறந்த நாளை மற்றவர்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். கழகத்தின் வரலாற்றைப் பஞ்சாங்கம் போலச் சொன்னான். ஒரு தேவாலயத்தின் ஞாயிறு வகுப்பு இளைஞர்கள், குளிர்காலத்தில் மதுக்கடைப் பக்கம் போகாமல் இருப்பதற்காகத் தொடங்கிய கழகம் அது. முதல் மைதானம் சாயப் பட்டறைக்குப் பின்னால். ஆட்டக்காரர் உடை மாற்ற இடம் கொடுத்தது மதுக்கடை. பிறகு மேட்டில் சொந்த மைதானம், லீக்கில் இடம். போர்க்காலத்தில் மைதானத்தை உழுது உருளைக்கிழங்கு நட்டார்கள். விளைச்சல் நன்றாக இருந்ததாம். அந்த நிலம் ஏதாவது விளைவித்தது அப்போது மட்டும்தான் என்று நான் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. போருக்குப் பிறகு ஒரு தடவை, கிண்ணப் போட்டியில், பெரிய லண்டன் கழகம் ஒன்றைச் சேற்றில் வைத்துத் தோற்கடித்தார்கள். கோலடித்தவர் வார நாட்களில் வீடு வீடாகப் பால் போடுபவர். அதே ஆண்டு இறுதியாட்டம் வரை போய், மேலதிக நேரத்தில் தங்கள் கோலுக்குள் தாங்களே அடித்துத் தோற்றார்கள். மின்விளக்குக் கம்பங்கள் வந்தன. புயலில் கூரை பறந்தது. ஒரே ஒரு பருவம் முதற் பிரிவில் ஆடினார்கள். அடுத்த பருவம் இறங்கினார்கள்.

"நான் போய் இறங்கினதும் அந்த வருசம்தான்" என்றான். "நான் வர அது விழத் தொடங்கினது. பேந்து எழும்பவே இல்லை."

"அப்ப காரணம் நீதான்."

"எனக்கும் அப்பிடி ஒரு ஐமிச்சம் இருந்தது மச்சான்."

அங்கே நின்று பார்க்கும் படிகளில் சூடாக ஒரு பானம் விற்பார்களாம். மரக்கறி மட்டும் சாப்பிட்டு வளர்ந்தவன் அதை ஒரு குளிர்காலம் முழுக்கக் குடித்திருக்கிறான். மாட்டிறைச்சிச் சாறு என்று தெரிந்தது இளவேனிலில். "தெரிஞ்ச பிறகு?" என்று கேட்டேன். "குளிர் போட்டுது, விட்டிட்டன்" என்றான். படிகளில் ஏறும்போது, உன் நாட்டுக்குப் போ என்று கத்திய ஒருவன் கோல் விழுந்ததும் இவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டிருக்கிறான். ஆட்டம் முடிந்து இறங்கும்போது மறுபடி போகச் சொன்னான். இதைக் கல்வெட்டில் போடுவதா என்று கேட்டேன். "போடு. வேறை ஒருத்தரும் அந்த ஊரிலை என்னைத் தொட்டதே இல்லை."

புலம்பல் பகுதிதான் சிக்கலாக இருந்தது. கழகத்துக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை.

"புலம்பலை விடுவம்" என்றேன்.

"விட்டால் அது கல்வெட்டே? என்ரை பேரிலை ஒண்டு எழுது."

"நீ அதுக்கு என்ன முறை?"

யோசித்தான். "பெறாமகன்."

இலையுதிர்காலத்தில் நீதிபதி தள்ளிவைக்காமல் கையெழுத்திட்டார். கழகம் கலைக்கப்பட்டது.

உடனே திதிச் சண்டை தொடங்கியது. கழகம் இறந்தது எப்போது? கடைசி ஆட்டம் முடிந்தபோதா, லீக் விலக்கியபோதா, தீர்ப்பிலா? மூச்சு நிற்பது ஒன்று, மரணச் சான்றிதழ் இன்னொன்று என்றான் அவன். சான்றிதழ் இல்லாத மரணத்தை நான் என் சேவைக்காலத்தில் ஏற்றுக்கொண்டதில்லை என்றேன் நான். தீர்ப்பு என்று முடிவு செய்தோம். தீர்ப்பு வந்தது லண்டனில் முற்பகல். அப்போது மொன்றியலில் விடியவில்லை. நம் கணக்கில் சூரிய உதயத்துக்கு முந்திய நேரம் முந்தின நாளைச் சேரும். லண்டன் கணக்கா, மொன்றியல் கணக்கா?

"செத்தது அங்கை. துடக்கு எங்களுக்கு இஞ்சை" என்றான்.

"துடக்கோ!" என்று என் மனைவி குசினியிலிருந்து கத்தினாள். "உதுக்குத் துடக்கும் காக்கப் போறியளோ? கோயிலுக்குப் போகாமல் இருக்கட்டோ நானும்?"

நான் லண்டன் கணக்குக்காக வாதாடினேன். இறந்த இடத்து நேரமே செல்லும் என்று பஞ்சாங்கத்தைக் காட்டினேன். வாதம் சரியானதுதான். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதன் காரணம், அப்படியானால் முப்பத்தொன்று ஒரு நாள் பிந்தும் என்பதே. ஏனென்றால் மச்சான் தன் கெடுவை மாற்றியிருந்தான். வழக்கு முடிந்துவிட்டது, ஆனால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வெளியாகி, சாப்பாடும் முடியும் வரைக்கும் மெஷினுக்குப் போவதாக மகளிடம் ஒப்புக்கொண்டிருந்தான்.

மகள் தன் பக்கத்தில் முயன்றாள். அந்த ஊர் ரசிகர்கள் சேர்ந்து புதுக் கழகம் ஒன்றைத் தொடங்கி, பூங்கா ஒன்றில் ஆடப் போகிறார்கள் என்ற செய்தியைத் தன் போனில் காட்டினாள். "அப்பா, பாருங்கோ, அதே கலர். பச்சை வெள்ளை. இனி இதைக் கேக்கலாம்தானே?"

"அது வேறை ஆள் பிள்ளை."

"மறுபிறப்பெண்டு நினையுங்கோவன்."

"மறுபிறப்பெண்டால் போன பிறப்பு ஞாபகம் இராது. என்னை அதுக்குத் தெரியாது." போனைத் திருப்பிக் கொடுத்தான். "நல்லாயிருக்கட்டும்."

இனி நான் ஒருவன்தான் இருந்தேன். என்னிடம் ஒரே ஒரு வித்தை. வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் கற்றது கோப்புகளை நகர்த்துவது அல்ல, நிறுத்தி வைப்பது. மறுப்பதற்குக் காரணம் வேண்டும். தாமதிப்பதற்குக் கேள்வி போதும். கல்வெட்டு முப்பத்தொன்றுக்குத் தவறினால் அடுத்த வாய்ப்பு ஆட்டைத் திவசம். அதாவது ஒரு வருடம். கல்வெட்டு இல்லாமல் முப்பத்தொன்று செய்வது முறையல்ல என்று நானே சொல்லிவிடலாம். முறையைப் பற்றி நான் சொன்னால் மொன்றியலில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆக, அவனுடைய ஒரு வருடம் என் எழுத்துப் பிரதியில் இருந்தது.

டொராண்டோ அச்சகத்துக்குப் பிரதியை அனுப்பி, தட்டெழுதிய பக்கங்களை வாங்கி, ஓரங்களில் கேள்விகளை எழுதித் திருப்பி அனுப்பினேன். விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்ட ஆண்டு எது? சரிபார்க்கவும். பால் போடுபவர் கோலடித்தது வலக் காலாலா, இடக் காலாலா? சாயப் பட்டறை ஆற்றுக்கு இக்கரையா, அக்கரையா? வெண்பாவில் அந்த ஊரின் பெயர் தளை தட்டுகிறது. வேறு பெயர் உண்டா? ஒவ்வொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். சொன்ன பதிலில் இன்னொரு கேள்வி கண்டுபிடிப்பேன். வலக் கால் என்றால், எந்தப் பக்கத்துக் கோல்? மேட்டுப் பக்கமா, ரயில் பாதைப் பக்கமா?

"ரயில் பாதைப் பக்கம்" என்றான் ஒரு வெள்ளிக்கிழமை. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "நகரசபையிலை சனங்கள் உனக்கு எப்பிடி அடிக்காமல் விட்டதுகள்?"

"கண்ணாடித் தடுப்பு இருந்தது."

சிரித்தான். குழாய் ஆடியதால் இயந்திரம் கூவியது. தாதி வந்து ஒரு பொத்தானை அமர்த்திவிட்டு என்னை முறைத்துப் போனாள். அது நல்ல நாள். முப்பத்தொன்றுக்கு இனி அச்சகத்தால் முடிக்கவே முடியாது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த நாள்.

லண்டன் கணக்கில் அந்தியேட்டி ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. முதல் பனி கொட்டியிருந்தது. கல்வெட்டு வரவில்லை, ஆகவே இது வெறும் சாப்பாடு, முறைப்படி ஆட்டைத் திவசத்தில் செய்வோம் என்று சொல்லும் வசனத்தைப் படியேறும்போதே தயார் செய்திருந்தேன். கதவைத் திறந்ததும் கதிரையில் ஒரு பெட்டி இருந்தது. டொராண்டோவிலிருந்து பேருந்தில் வந்தது. பச்சை அட்டை, நடுவில் மைதானத்தின் வாசல், கீழே ஒரு குத்துவிளக்கு. அச்சகத்தார் குத்துவிளக்கை யாருக்கும் விடமாட்டார்கள்.

"போன் பண்ணி, இருக்கிறபடி அடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்" என்றான் மச்சான்.

இருக்கிறபடியே அடித்திருந்தார்கள். ஓரத்தில் நான் எழுதிய கேள்விகள் எல்லாம் வரலாற்றின் நடுவே ஒழுங்காக அச்சாகியிருந்தன. 'அக்காலத்தில் விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டன. ஆண்டு எது? சரிபார்க்கவும். இதனால் இரவிலும் ஆட்டங்கள் நடைபெற்றன.' பெறாமகன் புலம்பலுக்குக் கீழே, 'இந்த அடியை மீண்டும் பார்க்கவும்.' அவன் அதை விரலால் தொட்டுக் காட்டி, "இதுதான் இதிலை நல்ல வரி" என்றான்.

இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம். அந்தக் கழகத்துக்குப் பிடித்தது மைதானத்தில் விற்ற, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை'. என் மனைவி அந்தியேட்டிக்கு இறைச்சி தொடமாட்டாள். ஜான்-டலோன் சந்தையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் வாங்கி வந்து மரக்கறிப் பற்றிஸ் பொரித்திருந்தாள். துடக்கு இல்லை என்று சொன்னவள்தான். அந்த மாதம் கோயிலுக்குப் போகவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். நாங்கள் நாலு பேர் சாப்பிட்டோம். சிறுநீரகம் போனவன் சாப்பிடக்கூடாத உருளைக்கிழங்கை மச்சான் அன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யன்னலருகே நின்றாள். அவன் முறைப்படி ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல்வெட்டைக் கொடுத்தான். எனக்குத் தரும்போது, "இனி என்னட்டைக் கேள்வி கேக்காதை" என்றான். கோபமில்லாமல்தான்.

திங்கட்கிழமை நான் போனேன். வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் வாகனம் கீழே வந்து நின்றது. சாரதி ஏறி வந்து மணியடித்தார். மச்சான் கதவைத் திறந்து, "நோன் மெர்சி" என்று பிரெஞ்சில் பணிவாக மறுத்தான். அவர் கைக்கும் ஒரு கல்வெட்டு போனது. சாரதி அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கினார். எந்த நடைமுறையிலும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் அந்த ஒலிபெருக்கியைப் போட்டாள், பூங்காவில் புதுக் கழகத்தின் ஆட்டம். அணைக்கச் சொல்லவில்லை அவன். கேட்டானா என்றும் தெரியாது. வீடு நிறைய யாரோ கத்தும் சத்தம். அடுத்த சனிக்கிழமை அவன் இல்லை.

கல்வெட்டு நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். வேறு யார் எழுதுவது? பிறந்த ஊர், படித்த பள்ளி வரை தடையில்லாமல் வந்தது. அந்தப் பட்டணத்தை விட்டு அவன் புறப்பட்டது எந்த ஆண்டு? வாடகை அறை இருந்தது மேட்டுப் பக்கமா, ரயில் பாதைப் பக்கமா? படிப்பு ஏன் முடியவில்லை? கழகத்தின் விளக்குக் கம்பம் வரை அறிந்த நான் இவற்றை ஒரு தடவையும் கேட்டதில்லை. மகளுக்குத் தெரியாது. தங்கைக்குத் தெரியாது. விருந்தோம்பினார், புன்சிரிப்போடு நோயைத் தாங்கினார் என்று என் கை தானாக எழுதியது. அதை அடித்து நீக்கினேன். பிறகு ஒன்றும் எழுதவில்லை.

டொராண்டோ அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"அண்ணை, முப்பத்தொண்டு கிட்டுது. பிரதி எங்கை?"

"வராது. ஆட்டைத் திவசத்துக்குப் பாப்பம்."

"ஏன் அண்ணை? ஏதும் சரிபாக்கவேணுமோ?"

"ஓம்" என்றேன்.